கம்பெனி கொடுத்த பிஸ்கட்

என் மகளின் வயிற்றைக் கெடுத்தவள் நான்தான். வேறு யாரையாவது கைகாட்ட முடியுமா என்று நிறைய நாள் தேடிப் பார்த்துவிட்டேன், ஆள் கிடைக்கவில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. அப்போது பெரும்பாலும் நைட் ஷிப்ட். அவள் அப்பா காட்டுப்பள்ளித் துறைமுகத்திலிருந்து லாரி ஓட்டுகிறவர், வீட்டில் தங்குகிற நாள் குறைவு. ராத்திரியில் அவளைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்வார்.

இரண்டாம் வகுப்பு வரை அவள் எங்கள் தெரு முனையிலிருந்த அரசுப் பள்ளியில் படித்தாள். காலையில் அங்கேயே சூடாகப் பொங்கலோ கிச்சடியோ சாம்பாரோடு போடுவார்கள். மதியம் சோறும் முட்டையும். சாப்பிட்டாள், படித்தாள், ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. கம்பெனி லைனில் என் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவளின் பிள்ளை இங்கிலீஷில் ரைம்ஸ் சொல்கிறதாம். மூன்றாம் வகுப்புக்கு என் பிள்ளையையும் இங்கிலீஷ் மீடியத்தில் கொண்டுபோய்த் தள்ளினேன்.

அந்தப் பள்ளி வேன் காலை ஏழேகாலுக்கு வந்துவிடும். கம்பெனி பஸ் என்னை இறக்கிவிடுவதே ஏழு மணிக்கு. அந்தக் கால் மணி நேரத்தில் என்னத்தைச் சமைப்பது? கம்பெனியில் டீயோடு ஆளுக்கொரு கிரீம் பிஸ்கட் பாக்கெட் கொடுப்பார்கள். எங்கள் லைனில் பிள்ளை பெற்ற எவளும் அதைப் பிரிக்கமாட்டாள், பைக்குள் போட்டுக்கொள்வாள். நானும் அப்படித்தான், பசி வயிற்றைக் கிள்ளினாலும் தொட்டதில்லை. காலையில் அவள் கையில் அதைக் கொடுக்கும்போது எனக்கு அவ்வளவு பெருமை. அதுவும் ஒரு டம்ளர் டீயும்தான் அவளுக்கு நாஷ்டா. மதியத்துக்கு நூடுல்ஸ், இல்லையென்றால் ஜாம் தடவிய பிரெட்.

நாலைந்து மாதத்தில் பிள்ளை வேறு பிள்ளையாகிவிட்டது. எழுத உட்காரமாட்டாள். முதல் நாள் படித்தது மறுநாள் காலிப் பலகை. தொட்டதற்கெல்லாம் கத்தல். ஜட்டியில் கறை வர ஆரம்பித்தது. பேதி என்று நினைத்து, மெடிக்கல் ஷாப்பில் நிறுத்துகிற மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். ஒருமுறை இல்லை, கறை வந்தபோதெல்லாம். வகுப்பில் பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள். அவள் ஒருத்தியின் கையைக் கடித்துவிட்டாள்.

தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "உங்க பொண்ணுக்கு மூளையில ஏதோ குறை இருக்கு. இல்லன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. இல்லன்னா டிசி வாங்கிக்கினு ஸ்பெஷல் ஸ்கூல்ல சேத்துடுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும், "இன்னாடி இப்பிடி மானத்த வாங்கற?" என்று கரண்டிக் காம்பால் அடித்தேன். தூங்காத உடம்பின் கோபம் அத்தனையும் அந்தச் சின்ன முதுகில் இறங்கியது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா மூளையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அவளைப் படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"பாத்ரூம் ஒழுங்கா போய் எத்தன நாளாச்சு?" என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பேதி என்று மாத்திரை கொடுத்துவந்ததை மட்டும் சொன்னேன்.

"இது பேதி இல்லம்மா. உள்ள கெட்டியா அடைச்சிக்கிட்டு, ஓரமாக் கசியுது. நீ அதையும் மாத்திர போட்டு அடைச்சிருக்க. நாள்கணக்கா இப்படி இருந்தா பெரியவங்களுக்கே யாரப் பாத்தாலும் எரிச்சல் வரும். இதுல புள்ள எங்கேருந்து படிக்கும்?"

பிறகு அவள் பக்கம் திரும்பி, "ஸ்கூல்ல தண்ணி குடிக்கிறியா, கண்ணு?" என்றார்.

"குடிக்க மாட்டேன். குடிச்சா பாத்ரூம் வரும்."

"வந்தா போக வேண்டியதுதானே?"

"இங்கிலீஷ்ல கேட்டாதான் உடுவாங்க. எனுக்கு முழுசா சொல்ல வராது. எல்லாம் சிரிக்கும்."

மூளையில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டைத் தலைமையாசிரியையின் மேசையில் வைத்துவிட்டு, அவர் வாயைத் திறப்பதற்கு முன் நானே டிசி கேட்டு வாங்கிக்கொண்டேன். மறுபடி பழைய பள்ளி, காலையில் சூடான பொங்கல். வீட்டில் கீரை, வாழைப்பழம், மணிக்கொரு டம்ளர் தண்ணீர். மருந்தோடு சேர்த்து அந்தக் குடல் வழிக்கு வர மாதக்கணக்காயிற்று. மெல்ல மெல்லப் படிப்பும் வந்தது. என்னிடம் பேசுவது மட்டும் குறைந்துபோயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். மனதில் உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேவிட்டேன்.

"வவுறு வலிக்குதுன்னு அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடி?"

அவள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சொன்னேனே. தெனமும் ஸ்கூல் உட்டு வந்து சொன்னேன். நீ தூங்கினு இருந்த. 'சரி, சரி'ன்ன. அப்பறம் திரும்பிப் படுத்துக்கின."

அப்படி ஒரு நாள்கூட என் நினைவில் இல்லை.