மூட்டை சாரின் சாயங்காலம்

என் அக்கா வீட்டுக்காரருக்குப் பள்ளிக்கூடத்தில் மூட்டை சார் என்று பெயர். பிள்ளைகள் வைத்தது, ஆசிரியர்கள் அறையிலும் அதுதான் புழங்குகிறது. தினமும் மாலையில் கணக்கு நோட்டுகளைத் துணிப்பையில் திணித்து, பையின் காது அறுந்துவிடாமல் அடியில் ஒரு கை கொடுத்துத் தாங்கிக்கொண்டு பஸ் ஏறுவார். அதே பள்ளியில் நான் அறிவியல் எடுக்கிறேன். நானும் நோட்டு திருத்துகிறவள்தான். ஆனால் நான் ஒரு டிக் போடுகிற இடத்தில் மாமா ஒரு கேள்வி எழுதுவார். "இங்கே ஏன் கழித்தாய்?" என்று சிவப்பு மையில் இருக்கும். பிள்ளை பதில் எழுதியிருக்கிறதா என்று அடுத்த வாரம் தேடிப் பார்க்கவும் செய்வார். ஏன் என்று கேட்காமல் அவருக்குச் சோறு இறங்காது.

வீட்டில் மட்டும் அவர் எதையும் கேட்டதில்லை. கேட்பதற்கு அவர் வீட்டில் இருந்தால்தானே? உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு நோட்டுகளோடு இருப்பார். அதை வீட்டில் இருப்பது என்று அக்கா கணக்கில் சேர்த்ததில்லை.

சம்பளம் கூட்டித் தருகிற வரைக்கும் ஒரு நோட்டும் பள்ளியைத் தாண்டக் கூடாது என்று சங்கம் முடிவெடுத்தது. வகுப்பில் ஒரு குறையும் வைக்க மாட்டோம். மணி அடித்ததும் வெறுங்கையோடு வெளியே வருவோம். வீட்டில் நாங்கள் ஓசியில் பார்க்கிற வேலை எவ்வளவு என்று மேலே இருப்பவர்களுக்கு அப்போதாவது உறைக்கட்டும். அந்தக் கூட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். வகுப்பில் பேசினால் வெளியே நிறுத்துகிற ஆட்களெல்லாம் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஓயாமல் கதை பேசினார்கள். மாமா மட்டும் எழுந்து, "பிள்ளைங்க நோட்டு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டார். வாயைத் திறந்த பாவத்துக்கு அவரைப் பேச்சுவார்த்தைக் குழுவில் போட்டுவிட்டார்கள்.

முதல் நாள் வெறுங்கையோடு போய் நின்றவரைப் பார்த்து அக்கா, "உடம்புக்கு என்ன?" என்றாளாம். இரண்டொரு நாள் கழித்து மாமா ஆசிரியர்கள் அறையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பொண்ணுக்குத் தொண்டையில ஏதாவது கோளாறு இருக்குமா?"

"ஏன் மாமா?"

"வீட்டுல குசுகுசுன்னுதான் பேசுறா. உங்கக்காவும் அப்படித்தான். ஏன்னு தெரியல. டாக்டர்கிட்ட காட்டலாமான்னு பாக்குறேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. அக்கா மகள் படிப்பது வேறு பள்ளி. அங்கே திடலில் நின்று அவள் கூப்பிட்டால் தெருமுனை வரை கேட்கும்.

"உள்ள உக்காந்து திருத்துறப்போ வெளிய சத்தம் கேட்டா என்ன சொல்லுவீங்க மாமா?"

"உஷ்னு சொல்லுவேன்." பிறகு, "எப்பவாவதுதானே?" என்றார்.

"அவ நடக்க ஆரம்பிச்சதிலேர்ந்து சொல்றீங்க."

அன்றைக்கு மணி அடித்ததும் முதலில் வாசலைத் தாண்டியவர் அவர்தான்.

அம்மாவும் பெண்ணும் சாயங்காலம் குசுகுசுவென்று என்ன செய்கிறார்கள் என்பது அதற்குப் பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. கூடத்தில் தரையில் படுத்துக்கொண்டு செய்தித்தாளின் வரி விளம்பரங்களைப் படிப்பார்கள். அக்கா ஒன்றை வாசிப்பாள். அதை ஏன் விற்கிறார்கள் என்று மற்றவள் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. ஒரு விளம்பரத்துக்கு அரை மணி நேரம்கூடப் போகும். எனக்கு அது பல வருஷமாகத் தெரியும். போகும்போதெல்லாம் நானும் ரகசியக் குரலில் ஆடியிருக்கிறேன்.

மாமா சேர்ந்த அன்று நான் அங்கே இருந்தேன். "தையல் மெஷின், அதிகம் பயன்படுத்தாதது" என்று அக்கா வாசித்தாள்.

"விலை என்ன போட்டிருக்காங்க?" என்றார் மாமா.

"அப்பா, விலையெல்லாம் கேக்கக் கூடாது. ஏன் விக்கிறாங்க, அதை மட்டும் சொல்லணும்."

"அதை எப்படிம்மா நம்ம சொல்ல முடியும்? தகவலே இல்லையே."

மகள் தாயைப் பார்த்த பார்வையில், கடைசி பெஞ்சுப் பையனை நாங்கள் பார்க்கிற பார்வை அப்படியே இருந்தது. ஆனால் மனுஷன் விடவில்லை. மறுநாளும் உட்கார்ந்தார், அதற்கு மறுநாளும். விளம்பரத்தில் இல்லாத மாமியார்களையும், வெளியூர் போன மருமகன்களையும், கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்த ட்ரம்பெட்டையும் கண்டுபிடிக்க ஆரம்பித்தார். எதிர்த்துப் பேசுகிற சாக்கில் பெண்ணின் குரல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஒரு நாள் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, சண்டையா என்று விசாரித்துவிட்டுப் போனார். மாமாவுக்கு அன்று பிடிபடாத சந்தோஷம்.

பேச்சுவார்த்தையில் அதிகாரி கடைசியாக இரண்டு வழி சொன்னார். ஒன்று, கேட்ட சம்பளம் முழுதாகக் கிடைக்கும், ஆனால் திருத்துவது பழையபடி வீட்டில்தான். அல்லது பாதி உயர்வு. நோட்டு திருத்தத் தினமும் கடைசிப் பாடவேளையை ஒழித்துத் தருவார்கள். எதையாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். சங்கக் கூட்டத்தில் மாமா பாதி உயர்வுக்காகப் பேசினார். அவர் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை. கடைசி வரிசைகூட வாயை மூடிக்கொண்டு கேட்டது. கேட்டுவிட்டு, முழு உயர்வுக்குக் கை தூக்கியது. நானும் தூக்கினேன். இன்றைக்கு வைத்தாலும் தூக்குவேன்.

வெளியே வரும்போது, "நீயுமா?" என்றார்.

"வீட்டுக்காரம்மாகிட்ட வாடகைக்குப் பதிலா உங்க சாயங்காலத்தைக் குடுக்க முடியுமா மாமா?"

"முடியாதுதான்" என்று சொல்லிவிட்டு நடந்தார். ஜெயித்த சங்கத்தில் தோற்றுப்போன ஒரே ஆள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. சொன்னதை மட்டும் நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் நோட்டுகள் வீட்டுக்குப் போயின. மகள் பழக்கம் மாறாமல் உள்ளறைக் கதவைச் சாத்தப் போனாளாம். மாமா வேண்டாம் என்று சொல்லி, மேஜையைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கொஞ்ச நாளில் ஒரு மாணவனின் அம்மா நோட்டைத் தூக்கிக்கொண்டு தலைமையாசிரியரிடம் வந்தார். நான் வருகைப் பதிவேட்டோடு அங்கே நின்றுகொண்டிருந்தேன். பின்னக் கணக்குக்குக் கீழே, மாமாவின் அழகான கையெழுத்தில், சிவப்பு மையில் இருந்தது: "மாடியில் மாமியார் இருக்கிறார். அதனால்தான் வீட்டை விற்கிறார்கள்."

"நாங்க வீட்டை விக்கலையே சார். எங்க மாமியார் மாடியில இருக்குறது சாருக்கு எப்படித் தெரியும்?" என்றார் அந்த அம்மா. குரலில் கோபம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற தவிப்புதான் இருந்தது.

மாமாவை வரச் சொன்னார்கள். தலைமையாசிரியர் நோட்டைத் திருப்பிக் காட்டி, "என்ன சார் இது? நோட்டு திருத்துற நேரத்துல வீட்டுக் கதையெல்லாம் எழுதி வச்சிருக்கீங்க?" என்றார்.

மாமா கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் படித்தார். அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு தலைமையாசிரியர் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "அது வீட்டு நேரம் சார். நோட்டுதான் நடுவுல வந்துடுச்சு."