நான்கு வருடம் கழித்துத் திரும்பிய இளமை

ஆளி விதை வறுக்கும்போது வித்யாலக்ஷ்மி யாரிடமும் பேசமாட்டார். விதை வெடிப்பதை ஒவ்வொன்றாக எண்ணுகிறார் என்பது கணவர் நரசிம்மனின் ஊகம். எள், பூசணி விதை, சோயா எல்லாம் சேர்த்துப் பொடித்து, வங்காளத்து டாலிகஞ்ச் குடியிருப்பில் நாற்பத்தைந்தைத் தாண்டிய மகளிருக்குத் தலைக்கு ஒரு டப்பா. கேட்காதவர்களுக்கு இரண்டு.

வயது ஐம்பத்தாறு. கார்டன் ரீச்சில் ரயில்வே உத்தியோகம். மாதவிடாய் நின்ற நாளிலிருந்து தம் உடம்பையும் ஓர் அலுவலகக் கோப்பாகவே நடத்துகிறார். காலையில் சோயாச் சத்து மாத்திரை, மதியம் தண்ணீர்விட்டான் கிழங்கு கேப்சூல், இரவில் எலும்புக்காகக் கேழ்வரகுக் கஞ்சி. பால் குடிக்கிறவர்களை லஞ்சம் வாங்குகிறவர்களைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

"செடியிலேர்ந்து வர்றது ஒண்ணும் பண்ணாது. கெமிக்கல்தான் பண்ணும்" என்பது அவருடைய சித்தாந்தம். அரளியும் செடிதானே என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. எல்லோர் வாயிலும் பொடி.

போன துர்கா பூஜைக்கு முந்தின வாரம், நின்று நான்கு வருடமான உதிரப்போக்கு மறுபடி வந்தது. வேறொருவர் பயந்திருப்பார். இவர் பொடியின் வெற்றியை அறிவித்தார்.

"பத்து வயசு கொறஞ்சுடுத்து, பாத்தேளா?"

"எனக்கும் ரெண்டு ஸ்பூன் போடேன்" என்றார் நரசிம்மன்.

குடும்ப வழக்கப்படி சமையலறைப் பக்கம் போகாமல் மூன்று நாள் தனிப் பாயில் ராணிபோல வீற்றிருந்தார். நரசிம்மன் ரசம் வைத்தார். அது ரசம் என்று அவரே சொல்லவேண்டியிருந்தது. மூன்று நாள் ஒன்பதாயிற்று, ஒன்பது பதினான்காயிற்று. நரசிம்மன் ரசத்தில் தேறிவிட்டார். வித்யாலக்ஷ்மிக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பொடியை மூன்று ஸ்பூனாக்கிக்கொண்டார்.

பெஹாலாவிலிருந்து யசோதா வந்தாள். ஒன்றுவிட்ட தங்கை, ஆஸ்பத்திரி நர்ஸ். விஷயத்தைக் கேட்டவள் நீட்டிய டப்பாவை வாங்கிக்கொள்ளவில்லை.

"அக்கா, நின்னு நாலு வருஷமாச்சு. இதுக்கப்புறம் ஒரு சொட்டு வந்தாலும் டாக்டர்ட்ட காட்டணும். கர்ப்பப்பைக்குள்ள என்ன இருக்குன்னு உன் பொடிக்குத் தெரியுமா?"

"நீ இங்கிலீஷ் மருந்துக் கட்சி."

"கான்சரா இருந்தா, நீ எந்தக் கட்சின்னு கேட்டுண்டு நிக்காது."

நரசிம்மன் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றார். அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தது. அடுப்பை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

யசோதா இழுத்துப்போய் எடுக்கவைத்த ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்திருந்தது. துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து வந்து முடிவைக் கேட்கச் சொன்னார்கள்.

பத்தாம் நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நரசிம்மன் தண்ணீர் வாங்கப் போயிருந்தார். வித்யாலக்ஷ்மி பக்கத்து வங்காளி அம்மாளிடம் வழக்கம்போல, "தீதி, ஸோயாபீன் கான் தோ?" என்று சாப்பாட்டு விசாரணையைத் தொடங்கினார். அந்த அம்மாள் ஆமாம், தினமும் சாப்பிடுகிறேன் என்றாள். அதற்குமேல் என்ன கேட்பது என்று வித்யாலக்ஷ்மிக்குத் தெரியவில்லை.

அறைக்கதவு திறந்தது. ஒரு நர்ஸ் கையில் காகிதத்தோடு, "வித்யாலக்ஷ்மி நரசிம்மன்" என்றாள்.

யாரும் எழுந்திருக்கவில்லை. இன்னொரு முறை, சத்தமாகக் கூப்பிட்டாள்.

யார் அந்தப் பெண் என்று பெஞ்சில் இருந்தவர்களெல்லாம் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களோடு சேர்ந்து வித்யாலக்ஷ்மியும் திரும்பிப் பார்த்தார்.