என் மகளுக்கு வெட்டிய அளவு

நான் படித்தது ஐந்தாவது வரை. பீன்யாவில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் நூல் வெட்டும் ஹெல்பராகச் சேர்ந்து, மிஷினில் உட்கார்ந்து, கட்டிங் கற்று, பிறகு பிரேசர் டவுனில் சொந்தக் கடை போட்டேன். கல்யாண கவுன் என்றால் இந்தப் பக்கத்துச் சர்ச்சுக்காரர்கள் முதலில் என் கடைக்குத்தான் வருவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை; வேறு கடைக்குப் போனவர்களும் அதைச் சரிசெய்ய என்னிடம்தான் வந்திருக்கிறார்கள்.

அளவு கொடுக்க வருகிற பெண்கள் எல்லோரும் ஒன்றைச் சொல்வார்கள். இரண்டு இஞ்சு குறைத்து வெட்டுங்கள், கல்யாணத்துக்குள் இளைத்துவிடுவேன் என்று. கன்னடப் பெண்ணானால் "சண்ண ஆக்தீனி ஆன்ட்டி" என்பாள், அவ்வளவுதான் வித்தியாசம். நான் சரி என்று தலையாட்டிவிட்டு, இருக்கிற உடம்புக்கே வெட்டுவேன். தேவைப்பட்டால் பிரித்துவிட இரண்டு பக்கமும் உள்ளே ஒரு இஞ்சு துணியும் விடுவேன். கல்யாணத்துக்கு முந்தின வாரம் வந்து போட்டுப் பார்த்துவிட்டு, பார்த்தீர்களா, இளைத்துவிட்டேன் என்று கண்ணாடி முன் திரும்பித் திரும்பி நிற்பார்கள். நானும் ஆமாம் என்பேன்.

இவ்வளவு தெரிந்த நான் என் சின்ன மகளுக்கு மட்டும் குறைத்து வெட்டினேன்.

அவளுக்கு என் உடல்வாகு. தோளும் முதுகும் அகலம். ஸ்கூலில் டீச்சர். நிச்சயத்துக்கு வந்த மாப்பிள்ளையின் பெரியம்மா, காபி குடித்துக்கொண்டே, கவுன் போட்டால் பெண் கொஞ்சம் பெரிசாகத் தெரிவாள், பார்த்துத் தையுங்கள் என்றார். மாப்பிள்ளை அதைக் காதில் வாங்கவில்லை. நான் வாங்கிக்கொண்டேன். கல்யாணத்துக்கு என் வாடிக்கைக்காரர்கள் அத்தனை பேரும் வருவார்கள். நான் தைத்த கவுன் என் மகள் மேல் எப்படி நிற்கிறது என்று பார்க்கத்தான் வருவார்கள். அன்றைக்கு என் யோசனை எல்லாம் அதுதான்.

டேப்பையே எடுக்காமல், மனதில் இருந்த அவள் அளவிலிருந்து மூன்று இஞ்சு குறைத்துச் சாட்டினை வெட்டினேன். உள்ளே துணியும் விடவில்லை. விட்டால் பிரித்துக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தைரியம் வந்துவிடும், சாப்பாட்டைக் குறைக்க மாட்டாள். அவளிடமும் சொல்லிவிட்டேன்: துணி இல்லை, நீதான் இளைக்க வேண்டும்.

எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. ஒவ்வொரு ஓலை முடிந்ததும் வீட்டுக்கு வந்து கவுனைப் போட்டுப் பார்ப்போம். முதல் ஞாயிறு, முதுகில் ஜிப் பாதியில் நின்றது. அதற்குப் பிறகு அவள் வெள்ளரிக்காயும் மோருமாகவே இருந்தாள். நான் தடுக்கவில்லை. இரண்டாவது ஞாயிறு ஜிப் இன்னும் கொஞ்சம் ஏறியது. மூன்றாவது ஞாயிறு நான்கு விரல் இடைவெளியில் நின்றதுதான், அசையவில்லை. கன்னம் ஒட்டியிருந்தது, கழுத்தெலும்பு தெரிந்தது. முதுகு அப்படியே இருந்தது. பட்டினி கிடந்தால் விலா எலும்பு சுருங்காது என்பது எனக்குத் தெரியாததா?

மூச்சை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடி என்றேன். அவள் பிடிக்கவில்லை.

"ஊர்ல இருக்கிற பொண்ணுங்களுக்கெல்லாம் டேப் வெச்சு எடுக்கறம்மா நீ. எனக்கு எடுக்கவே இல்ல. நீ ஆசப்பட்ட அளவ வெட்டி வெச்சிட்ட."

எடுத்திருக்க வேண்டும்தான் என்றேன்.

ஸ்கூலுக்குக் கட்டுகிற புடவையிலேயே கல்யாணத்துக்கு வருகிறேன், இதை உன் கடை பொம்மைக்கு மாட்டிக்கொள் என்று கவுனைக் கழற்றிக் கட்டிலில் போட்டாள். சொன்னால் செய்கிறவள். அதிலும் என்னை மாதிரி. நான் டேப்பை எடுத்துவந்து, ஒரு நிமிஷம் நில் என்றேன்.

"சாப்ட்டுட்டு வரேன். அந்த வயித்தோட அளவு எடு."

சமையலறைக்குப் போய், கறிக்குழம்பு ஊற்றி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். நான் டேப்போடு நின்றிருந்தேன். பிறகு வந்து, மூச்சை விட்டு நேராக நின்றாள். எடுத்தேன்.

அதே சாட்டின் சிவாஜிநகர் துணிக்கடைகளில் எங்குமே கிடைக்கவில்லை. வெள்ளையில் எத்தனை வெள்ளை இருக்கிறது என்பது வாங்கப் போனால்தான் தெரியும். கிடைத்ததை வாங்கி, இரண்டு பக்கமும் அக்குளிலிருந்து இடுப்பு வரை துண்டு வைத்துத் தைத்தேன். தையல் சுத்தம், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் நிறம் வேறு. பீடத்துக்கு முன் அவள் கையைத் தூக்கியபோதெல்லாம் தெரிந்தது. இது என்ன, புது மாடலா என்று மாப்பிள்ளையின் பெரியம்மா கேட்டார். இல்லை, நான் சின்னதாக வெட்டிவிட்டேன், தப்பு என்னுடையது என்றேன். பக்கத்தில் என் வாடிக்கைக்காரர்கள் நான்கு பேர் நின்றிருந்தார்கள்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. மகள் வாராவாரம் வருகிறாள், சாப்பிடுகிறாள், என் மிஷினில் உட்கார்ந்து தலையணை உறை தைத்துக்கொண்டு போகிறாள். ஜாக்கெட் மட்டும் என்னிடம் தைக்கக் கொடுப்பதில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு கடையில் கொடுக்கிறாள். அங்கே தைத்ததை நானும் பார்த்தேன். கைக்குழி வெட்டு சுமார்தான்.