வாடகை சைக்கிளுக்கு வழி எழுதியவன்

வாடகை சைக்கிள் கடையில் திட்டு வாங்காமல் ஒரு நாள் போனால், அன்று கடை திறக்கவில்லை என்று அர்த்தம். சைக்கிளை வாடகைக்கு விட்டவர்களும், அதை எடுத்துப் போய் முழங்காலைப் பெயர்த்துக்கொண்டவர்களும் இதைப் படிப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். உங்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை.

யுத்த காலத்தில் சேலம் அம்மாபேட்டையில் ஒரு சைக்கிள் கடையில் நாலு வருஷம் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தேன். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடிய சமயம். கிளம்பின பஸ் போய்ச் சேரும் என்று யாரும் சத்தியம் பண்ண மாட்டார்கள். அதனால் வெளியூர் போகிறவர்கள் எங்கள் கடைக்கு வந்தார்கள். எனக்கோ ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிளில் ஊர் சுற்றும் பழக்கம். எழுத்துக் கிறுக்கும் கொஞ்சம் உண்டு. எங்கே திரும்புவது, எத்தனை மைல், வழியில் என்ன அழகு என்றெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பேன். முதலாளி அதற்கு வழிச்சீட்டு என்று பெயர் வைத்து, கடையின் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். அந்தச் சீட்டு ஒன்றால் ஒரு அண்ணனும் தங்கையும் சேர முடியாமல் போனார்கள். அதைச் சொல்லத்தான் மற்றதையும் சொல்கிறேன்.

மலை அங்கேதான் இருக்கும்

வெண்ணந்தூர்ப் பக்கத்துப் பண்ணையக்காரர் ஒருவர் இளம்பிள்ளைக்கு மாடு பார்க்கப் போக சைக்கிள் கேட்டார். நான் ஒரு பக்கம் நிறைய எழுதினேன். ‘இவ்விடத்தில் கஞ்சமலை கண்ணுக்கு மிக ரம்மியமாகத் தெரியும், சற்று இறங்கி நின்று பார்க்கவும்’ என்று ஒரு வரி. எழுதும்போதே எனக்கு அந்த வரி ரொம்பப் பிடித்துவிட்டது. அவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, தாளைத் திருப்பி என் மேஜையில் வைத்தார்.

“ஏனுங்க ரைட்டரு, மலை எங்கயும் போயிராதுங்க, அங்கதான் இருக்கும். குடிக்கத் தண்ணி எங்க கெடைக்குமுன்னு எழுதுங்க.”

அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஏற்காட்டுக் குமாஸ்தா

கலெக்டர் கச்சேரிக் குமாஸ்தா ஒருவர் ஏற்காட்டுக்குச் சைக்கிளில் போக ஆசைப்பட்டார். ‘பாதை மெல்ல மெல்ல உயர்ந்து செல்லும்’ என்று எழுதினேன். நான் பாதி மலை வரைதான் போயிருக்கிறேன்; அதுவும் தெரிந்த லாரிக்காரர் ஒருவர் சைக்கிளோடு என்னையும் ஏற்றிக்கொண்டு போனது. லாரியில் உட்கார்ந்தவனுக்கு எந்த மேடும் மெல்ல மெல்லத்தான் உயரும். மறுநாள் மனிதர் கையில் கட்டோடு வந்து, கோபப்படாமல் சொன்னார்.

“ஏறும்போது நான் அதைத் தள்ளினேன் சார். எறங்கும்போது அது என்னைத் தள்ளிடுச்சு.”

இதமான காற்று

தையற்காரர் அருளப்பன், மனைவிக்கு உடம்பு தேறினால் வேளாங்கண்ணிக்குச் சைக்கிளில் வருவதாக வேண்டிக்கொண்டிருந்தார். தேறிவிட்டது. நாமக்கல்லுக்கு அப்பால் நான் எட்டிப் பார்த்ததில்லை. இருந்தாலும் தெரியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. லாரிக்காரர்களிடம் விசாரித்து திருச்சி, தஞ்சாவூர், நாகப்பட்டினம் என்று எழுதி, ‘இனி கடற்காற்று இதமாக வீசும்’ என்று முடித்தேன். கடலை நான் அதுவரை படத்தில்தான் பார்த்திருந்தேன்.

அவர் திருவிழா முடியும்வரை ஒன்பது நாள் கடற்கரையில் தங்கிவிட்டார். சங்கிலி ஏற்கெனவே பழசு. துருவேறி, திரும்புகிற வழியில் தஞ்சாவூருக்கு முன்னால் அறுந்துவிட்டது. ரயில் நிலையம் வரை பத்து மைல் தள்ளிக்கொண்டு நடந்திருக்கிறார். கடைக்கு வந்தவர் எனக்கும் ஒரு ஜெபமாலை வாங்கி வந்திருந்தார். அது வேறு எனக்கு வெட்கமாகப் போயிற்று.

“காத்து இதமாத்தான் இருந்துச்சுங்க. உப்புக் காத்து, சங்கிலிக்கு எண்ணெய் போடுன்னு ஒரு வரி சேத்து எழுதியிருக்கலாம்.”

மாமன் மடி

ராமசாமி நூல் கடையில் வேலை பார்த்தவர். எங்கள் கடையில் அடிக்கடி சைக்கிள் எடுப்பவர். அவருடைய தங்கையை நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. கோயில் திருவிழாவில் மச்சானோடு வாய்த்தகராறு முற்றி, மூன்று வருஷமாக அந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை. இப்போது தங்கையே ஆள் விட்டுச் சொல்லியிருந்தாள், குழந்தைக்குக் காதுகுத்து என்று. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். முகூர்த்தம், அவர் கடைக்கு வந்த மறுநாள் காலை ஒன்பதரைக்குள். “நேரம் தப்புனா ஒண்ணுவிட்ட அண்ணன் மடியில உக்கார வெச்சிருவாங்க. அப்பறம் எனக்கு அந்த ஊட்டுல என்ன வேலைங்க?” என்றார். முதல் நாளே போகலாமே என்று நான் கேட்கவில்லை. அவராகவே, மூன்று வருஷம் கழித்து முந்தின நாளே போய்ப் படுக்க முகமில்லை, விடியற்காலம் ஐந்து மணிக்குக் கிளம்புகிறேன் என்றார். நானும் தலையாட்டினேன்.

ராசிபுரம் வழியாக நேரே ஆத்தூர் ரோட்டில் போ என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். மனசு நொந்து போகிறவர், குளிர்ந்து போகட்டும் என்று எனக்கு ஒரு கருணை. ராசிபுரம் தாண்டியதும் ரோட்டை விட்டு இறங்கி, போதமலை அடிவாரத்து வண்டிப்பாதையில் போகும்படி எழுதினேன். நிழல் உண்டு, ஓடை உண்டு, ஒரு மைல்தான் அதிகம். “பாத நல்லா இருக்குமுங்களா?” என்று கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்றேன். நான் அதில் போனது ஐப்பசியில். இது மாசி. மாசியில் அந்தப் பக்கத்துக் குடியானவர்கள் அடிவாரத்தில் வேலமுள் வெட்டி, வண்டி வண்டியாக ஏற்றிப் போய் உழுகிற காட்டுக்கு வேலி அடைப்பார்கள். பாதை முழுக்க முள் உதிர்ந்து கிடக்கும். அந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை.

யுத்த காலத்து ட்யூப், ஒட்டின இடத்திலேயே நாலு தடவை ஒட்டினது. மூன்று பஞ்சரை அவரே ஒட்டிச் சமாளித்திருக்கிறார். நாலாவதுக்குப் பசை தீர்ந்துவிட்டது. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடியிருந்தால்கூட நேரத்தைப் பிடித்திருக்கலாம். கடைச் சொத்து என்று அதையும் தள்ளிக்கொண்டு நடந்திருக்கிறார். போய்ச் சேரும்போது பதினொரு மணி. காது குத்தியாகிவிட்டது, குழந்தை அழுது தூங்கிவிட்டது. வாங்கிப் போன தோடு சட்டைப் பையிலேயே இருந்தது. இதெல்லாம் சைக்கிளைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது அவர் சொன்னது. தங்கை கோபித்துக்கொள்ளவில்லையாம். “‘சாப்புட்டுட்டுப் போங்க’ன்னாளுங்க. வந்தவங்க எல்லார்த்துக்கும் சொல்ற மாதிரியே சொன்னா” என்றார். வேலி அடைக்கிற மாசம் என்று குடியானவர் மகனான உங்களுக்குத் தெரியாதா என்று, என் தப்பை அவர் தலையில் போடப் பார்த்தேன். அந்தக் கேள்விக்காக இன்றும் என்னை நானே மன்னிக்கவில்லை.

“நெனப்பு வந்துச்சுங்க. ஆனா ரைட்டரு எழுதியிருக்காரு, பாத்துட்டுத்தான் எழுதியிருப்பாருன்னு போயிட்டனுங்க.”

நேர் ரோடு

அடுத்த ஞாயிறு நானே ஐந்து மணிக்குக் கிளம்பிப் போனேன், ஆத்தூர் ரோட்டில். ஒன்பதரைக்கு முன்னாலேயே அந்தத் தோட்டத்தில் நின்றேன் என்பதைச் சொல்ல வாய் கூசுகிறது. தங்கை மோர் கொடுத்தாள். குழந்தையின் காதில் மஞ்சள் பூசியிருந்தது. தப்பெல்லாம் என்னுடையது, உங்கள் அண்ணன் நேரத்தோடுதான் கிளம்பினார் என்று முள், ட்யூப், பாதை எல்லாவற்றையும் சொன்னேன். நின்றபடியே முழுவதும் கேட்டாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

“நீங்க சொல்றது நெசமாத்தான் இருக்குமுங்க. ஆனா மொத நா ராத்திரி அவரு வந்துருவாருன்னு எலை போட்டு வெச்சிருந்தனுங்க.”

ராமசாமியிடம் இதைச் சொன்னேன். தலை குனிந்துகொண்டார். அப்புறம் எங்கள் கடைப் பக்கம் அவர் வரவில்லை. நானும் அந்த மாசத்தோடு சீட்டு எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

ஊருக்கெல்லாம் வழி எழுதிக் கொடுத்த நான், எதிரில் நின்ற மனிதரிடம் ‘இப்போதே கிளம்புங்கள்’ என்ற இரண்டு வார்த்தையைச் சொல்லத் தெரியாதவனாகத்தான் நாலு வருஷம் உத்தியோகம் பார்த்திருக்கிறேன்.