நேசம் மைனி கதவடைத்த கிறிஸ்மஸ்

என் சின்னண்ணன் ஞானையனின் மனைவி நேசம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஏழு வருஷத்தில் பெரியண்ணன் முன்னால் நின்று அவள் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. பெரியண்ணன் இஸ்ரவேல் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். அவருடைய செருப்புச் சத்தம் முற்றத்தில் கேட்டாலே நேசம் மைனி அடுக்களைக்குள் போய்விடுவாள்.

அவள் கிழக்கே பனங்காட்டு ஊர்க்காரி. அவளுடைய அப்பா பனையேறி. நாங்கள் குலசேகரத்துக்கு இந்தப் பக்கம், ரப்பர்த் தோட்டங்களின் ஓரம். நாங்கள் வெள்ளம் என்று சொல்வதை அவள் தண்ணி என்பாள். கிறிஸ்மஸுக்கும் அறுப்புப் பண்டிகைக்கும் வருகிற மார்த்தாண்டத்து அத்தை, "ஏட்டி நேசம், உங்க ஊருல வெள்ளத்துக்கு என்ன பறைவினும்? ஒருக்கா சொல்லு கேப்போம்" என்று எல்லாரும் இருக்கும்போது கேட்பாள். மைனியும் சொல்லுவாள். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. அதைச் சொல்லி யாரும் சிரிப்பதில்லை. ஆனால் அதை மறப்பதுமில்லை.

1934-ஆம் வருஷம் ஐப்பசியில் பெய்யும் துலா மழை சீக்கிரமே நின்றுபோயிற்று. டிசம்பர் மாதம் பகலில் முற்றத்து மணலில் கால் வைக்க முடியாது. கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் வீட்டில் இருபத்திரண்டு பேர் இருந்தோம். வீடு முழுக்கச் சிப்பிச் சுண்ணாம்பு நீற்றி வெள்ளையடித்து முடிந்திருந்தது. மிச்சமிருந்த சுண்ணாம்பைச் சின்னண்ணன் கொட்டப் போனபோது பெரியண்ணன் வேண்டாமென்றார். வாசலின் பூசாத செங்கல் மதிலில் 'கிறிஸ்து பிறந்தார்' என்று பெரிய எழுத்தில் எழுதவேண்டும் என்றார். சட்டியையும், கைதைத் தாழையின் வேரைத் தட்டி நாராக்கிச் செய்த பூச்சு மட்டையையும் எடுத்துக்கொண்டு மதிலுக்குப் போனார். எழுத்து கோணாமல் இருக்க நூல் பிடிக்கவேண்டும் என்று பாதியில் வீட்டுக்குள் வந்து நூலைத் தேடிக்கொண்டிருந்தார்.

பெரியண்ணன் மகள் கிருபைக்கு அப்போது ஒரு வயதும் ஒன்பது மாதமும். பண்டிகை வீட்டில் பிள்ளை இடுப்பு மாறிக்கொண்டே இருக்கும். சத்தியபாய் மைனி, அவளுடைய தாய், பிள்ளை அத்தையிடம் இருக்கிறது என்று நினைத்தாள். அத்தை, என்னிடம் என்று நினைத்தாள். நான் அடுக்களையில் நேசம் மைனியோடு முந்திரிக்கொத்துக்குப் பயறு இடித்துக்கொண்டிருந்தேன். மைனி இரண்டு பானை நிறையக் கருப்பட்டியைத் தட்டிப்போட்டு, தண்ணீரில் கரைத்து, மண்ணும் நாரும் போக இரட்டைத் துணியில் அரித்து வைத்திருந்தாள். இனி அடுப்பில் ஏற்றிப் பாகு காய்ச்சவேண்டியதுதான்.

அப்போது மதில் பக்கமிருந்து கிருபை அலறினாள்.

நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது பிள்ளை மட்டையைக் கையில் பிடித்தபடி நின்றது. முகத்தின் இடது பக்கம் முழுதும் வெள்ளை. கண் எது, கன்னம் எது என்று தெரியவில்லை. சத்தியபாய் மைனி வாரியெடுத்துத் தன் சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாள். பிள்ளை இன்னும் கூடுதலாக வீறிட்டது.

"தேங்காயெண்ணெ கொண்டு வா, சீக்கிரம்!" என்றாள் அத்தை.

"ஒண்ணும் விடப்பிடாது," என்றார் பெரியண்ணன். நூலைக் கையில் பிடித்தபடியே வந்திருந்தார். "ஆஸ்பத்திரிக்கு எடுக்கணும். ஞானையா, தங்கப்பனைக் கூப்பிட்டு வண்டியைக் கெட்டச் சொல்லு."

தங்கப்பன் அடுத்த வீட்டுக்காரர், வில்வண்டி வைத்திருந்தார். ஆனால் மாடுகள் அப்போது ஆற்றங்கரையில் மேய்ந்துகொண்டிருந்தன. ஓட்டிவந்து பூட்டவே அரைமணி நேரம் ஆகும். மிஷன் ஆஸ்பத்திரிக்கு அதற்குப் பிறகு இரண்டு மணி நேர வழி.

நேசம் மைனி என் பின்னால்தான் நின்றாள். அவள் முன்னால் வந்ததை நான் காணவில்லை. சத்தியபாய் மைனியின் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கியதைத்தான் கண்டேன். தடுக்க வந்த பெரியண்ணனைத் தோளால் தள்ளிவிட்டாள். மூத்தாரின் நிழலில்கூட நிற்காதவள் அவள். அவர் ஒரு எட்டுப் பின்னால் போய் மதிலில் சாய்ந்தார். வெள்ளைச் சட்டை செங்கல் நிறமாயிற்று.

"லீலா, வா" என்றாள் என்னிடம். ஓடினாள். நானும் ஓடினேன். அடுக்களைக்குள் நுழைந்ததும் கதவை அடைத்துத் தாழ்ப்பாள் போட்டாள்.

பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, கிருபையை முழங்காலில் கிடத்தினாள். "தலையைப் புடி. இமையை விரிச்சுப் புடி. வழுக்கிச்சுன்னா துணிய வச்சுப் புடி. பயப்படாத" என்றாள். ஈரத் துணி நுனியால் இமைக்குள் ஒட்டியிருந்த சுண்ணாம்புக் கட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். பிறகு அகப்பையால் கருப்பட்டித் தண்ணீரை மொண்டு, மூக்கோரத்திலிருந்து கண்ணுக்குள் மெல்லிசாக விட்டாள்.

பிள்ளை துடித்த துடிப்பில் என் கை நழுவிற்று. மைனி என்னை வையவில்லை. "திரும்பப் புடி" என்றாள்.

கதவில் அடி விழுந்தது.

"நேசம்மாள், கதவைத் திற. நானாக்கும் சொல்லுகேன்." பெரியண்ணன் அவள் பெயரைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"திறக்கமாட்டேன், அத்தான்."

"கண்ணுல என்னத்தை விடுக நீ?"

"கருப்பட்டித் தண்ணி."

வெளியே அத்தையின் குரல்: "எனக்க ஆண்டவரே! பனையேறிக்க வைத்தியம்!"

"மண்ணும் தூசியும் உள்ள சாதனம். கண்ணுல விட்டா கண்ணு அவிஞ்சு போவும். திற!" என்றார் பெரியண்ணன்.

"அரிச்சாச்சு, அத்தான். ரெண்டு துணியில அரிச்சிருக்கேன்." அகப்பை நிற்கவில்லை. "எனக்க தம்பிக்கும் இதே மாதிரி வந்துது. பதனி இறக்குத கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவுத சட்டியில விழுந்தான். எண்ணெயை விட்டுத் துணியைக் கட்டி நாலு மைல் தூக்கிட்டுப் போனாவ. போய்ச் சேரதுக்குள்ள சுண்ணாம்பு கண்ணைத் தின்னுட்டு. அதுக்கப்புறம்தான் கருப்பட்டி காய்ச்சுத கிழவி ஒருத்தி சொன்னா, சுண்ணாம்பு பட்டா உடனே இனிப்புத் தண்ணிய விட்டுக் கழுவணும், அதுதான் அதை இளக்கும்னு. வண்டி வாறதுவரை நான் கழுவுவேன்."

இத்தனை வார்த்தை அவள் ஒருசேரப் பேசியதில்லை. அடுக்களைச் சன்னலின் அழிக்கம்பிகளைப் பிடித்துக்கொண்டு சத்தியபாய் மைனி உள்ளே பார்த்தாள். பிள்ளையின் முகத்திலும் மாரிலும் பழுப்புத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"கொல்லுகாளே! எனக்க பிள்ளையைக் கொல்லுகாளே! ஒரு பிள்ளை பெத்தவளா இருந்தா இப்பிடிச் செய்வியாட்டி?"

நான் நேசம் மைனியின் முகத்தைப் பார்த்தேன். அவள் உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டாள். தண்ணீர் விழுந்த கோடு மட்டும் அசையவில்லை. மூக்கோரத்திலிருந்து காதோரத்துக்கு, மறுபடி மூக்கோரத்திலிருந்து.

ஒரு பானை தீர்ந்தது. இரண்டாவதும் தீர்ந்தது. அதற்குப் பிறகு குடத்திலிருந்த நல்ல தண்ணீரை விட்டாள். கிருபைக்குக் கத்தவும் சக்தியில்லாமல் போயிற்று. பெரியண்ணன் கதவைத் தோளால் இடித்துக்கொண்டிருந்தார். மேல் கீல் தளர்ந்து ஆடியது. அந்த நேரம் வண்டிமாட்டின் சலங்கை கேட்டது. மைனி பிள்ளையின் முகத்தைத் துடைத்து எழுந்து, தானே தாழ்ப்பாளை எடுத்தாள். சத்தியபாய் மைனி கையில் பிள்ளையைக் கொடுத்தாள். சின்னண்ணன் அவளைப் பார்க்கவில்லை.

மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு நானும் வண்டியில் போனேன். டாக்டர் வெகுநேரம் பார்த்தார். மருந்து விட்டு, பஞ்சு வைத்து, தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டார்.

"யார் கழுவினது?" என்று கேட்டார்.

"வீட்டில் வைத்துக் கழுவினோம்" என்றார் பெரியண்ணன்.

"எதை விட்டு?"

பெரியண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு சன்னலைப் பார்த்தார். "வெள்ளம்" என்றார்.

"கழுவினது நல்லது. பார்வை இருக்குமா என்று இப்போது சொல்லமுடியாது. மூன்றாம் நாள் கட்டை அவிழ்த்துப் பார்ப்போம். அதுவரை பிள்ளை கட்டைத் தொடக்கூடாது" என்றார் டாக்டர்.

மறுநாள் கிறிஸ்மஸ். விடியற்காலை ஆராதனைக்குப் போனவர்கள் போய்வந்தார்கள். பாதிரி ஐயர் ஜெபத்தில் கிருபையின் பெயரைச் சொன்னதாக அத்தை வந்து சொன்னாள். மதிலில் 'கிறிஸ்து பிற' என்பதுவரைதான் இருந்தது. வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்கள். சுண்ணாம்புச் சட்டியை அங்கே வைத்துவிட்டுப் போனது யார் என்று வீட்டில் இருபத்திரண்டு பேருக்கும் தெரியும். அதை யாரும் சொல்லவில்லை.

சூட்டில் கட்டுக்குள் வேர்த்து பிள்ளை பிய்க்கப் பார்த்தது. இரண்டு கையையும் துணிப்பைக்குள் போட்டுக் கட்டிவைத்திருந்தார்கள். சத்தியபாய் மைனி பலாமரத்து நிழலில் விசிறியோடு உட்கார்ந்தாள். அன்று முழுக்க எழுந்திருக்கவில்லை. இருபத்திரண்டு பேருக்கும் நேசம் மைனி தனியாளாகச் சோறு வைத்தாள், கோழி அறுத்தாள், இலை போட்டாள். பிள்ளை கிடந்த பக்கம் அவளை யாரும் விடவில்லை.

"முந்திரிக்கொத்து இல்லாத கிறிஸ்மஸ்! கருப்பட்டி எல்லாம் கண்ணுல போச்சு" என்றாள் அத்தை, இலையில் கை வைத்தபடி. பிறகு குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள்: "பெண்ணாப் பிறந்ததாக்கும். ஒத்தைக் கண்ணுள்ளதை யாரு கெட்டுவா? மூணாம் நாளு கட்டை அவுக்கும்போ காணல்லைண்ணா, ஞானையா, நீ இவளை இவளுக்க வீட்டுல கொண்டு விட்டிரு."

சின்னண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மைனி அவருக்கு ரசம் விட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.

மாலையில் அவள் கிணற்றடியில் பாத்திரம் துலக்கும்போது பக்கத்தில் போய் நின்றேன். "மைனி, காணும்தானே?" என்றேன்.

"தெரியலியே, மக்கா" என்றாள். "உடனே கழுவினேன்லா. ஆனா தம்பிக்கு இப்பிடிக் கழுவலை. கழுவியிருந்தா காணும்னு கிழவி சொன்னதுதான். நான் கண்டதில்ல."

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

மூன்றாம் நாள் காலை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் யோவான் வீட்டுக்கே வந்தார். எங்கள் சபைக்காரர். சன்னல்களை அடைக்கச் சொல்லிவிட்டு, சத்தியபாய் மைனியின் மடியில் வைத்தே கட்டை அவிழ்த்தார். நேசம் மைனி தவிர வீட்டிலுள்ள எல்லாரும் சுவரோரமாக நின்றோம். இடது கண் சிவந்து வீங்கி, பாதி திறந்திருந்தது. யோவான் தன் உள்ளங்கையால் பிள்ளையின் வலது கண்ணை மூடினார். இடது கண் முன்னால் ஒரு அச்சுமுறுக்கைக் காட்டினார். பிள்ளை கை நீட்டவில்லை. சிவப்புக் கடுதாசியை ஆட்டினார். அது சிணுங்கிக்கொண்டே இருந்தது. பெரியண்ணன் விளக்கைக் கொண்டுவந்தார். விளக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போயிற்று. கண் அதன் பின்னால் போகவில்லை.

"காணல்லை" என்றாள் அத்தை.

"சும்மா இருங்க. பிள்ளைக்கு மனசில்லாம இருக்கும்" என்றார் யோவான். ஆனால் அவர் நெற்றியிலும் வேர்த்திருந்தது. "கண்ணைத் துடைக்கணும். கொஞ்சம் சுடுவெள்ளம் கொண்டு வாங்க" என்று அடுக்களைப் பக்கம் பார்த்துச் சொன்னார். அவருடைய உள்ளங்கை வலது கண்ணை விட்டு எடுபடவில்லை.

அடுக்களையில் இருந்தது நேசம் மைனி ஒருத்திதான். செம்பை எடுத்துக்கொண்டு வந்தாள். வெறுங்கால், சத்தமில்லை. வாசலில் வந்து நின்றாள், வாயும் திறக்கவில்லை.

கிருபை அலறினாள். "வேண்டாம்! வேண்டாம்!" என்று கத்தி, தாயின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

யோவான் தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தார். "அம்மா, நீங்க ஒருக்கா மாறி நில்லுங்க" என்றார். மைனி மாறி நின்றாள். பிள்ளை மெல்ல முகத்தை எடுத்தது. யோவான் மறுபடியும் வலது கண்ணைப் பொத்தினார். "இனி வாங்க."

மைனி வாசலில் வந்தாள். பிள்ளை வீடு அதிரக் கத்தியது.

"காணுது!" என்றார் யோவான். "நல்லாக் காணுது."

சத்தியபாய் மைனி பிள்ளையை இறுக்கிக்கொண்டு அழுதாள். அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். நேசம் மைனி வாசலில் நின்றபடி சிரித்தாள். செம்பிலிருந்த வெந்நீர் அவள் காலில் சிந்திக்கொண்டிருந்தது. "இன்னும் ஒருக்கா வரட்டா?" என்று கேட்டாள்.

"போதும், போதும். பிள்ளைக்குத் தொண்டை கெட்டுப்போவும்" என்றார் யோவான். எல்லாரும் சிரித்தார்கள்.

பெரியண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. விளக்கைக் கீழே வைத்துவிட்டு யோவானிடம் சொன்னார்: "ஆஸ்பத்திரியில நான் வெள்ளம்ணு சொன்னேன். கருப்பட்டி கலக்கின வெள்ளமாக்கும். கழுவினது அவ. சுண்ணாம்பை வச்சிட்டுப் போனது நான்." சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டார். அன்றைக்கே அடுக்களைக் கதவின் கீலைத் தானே சரி செய்தார். மதில் எழுத்தை முடிக்கவில்லை. அடுத்த மழையில் அது கரைந்தது.

கிருபையின் இடது கண்ணில், கருவிழியின் ஓரம், அரிசி நொய் அளவுக்கு ஒரு வெள்ளை நின்றுவிட்டது. பார்வைக்கு ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த அறுப்புப் பண்டிகைவரை அவள் நேசம் மைனியிடம் போகவில்லை. மைனி ஒரு வாசலில் வந்தால் பிள்ளை மறு வாசலுக்கு ஓடும். பிள்ளை முன்வீட்டில் விளையாடினால் மைனி பின்வாசல் வழியே கிணற்றுக்குப் போவாள்.

சத்தியபாய் மைனிக்கு மட்டும் பார்வை போய்விடுமோ என்ற பயம் முழுதும் போகவில்லை. பிள்ளை எதிலாவது முட்டிக்கொண்டால், ஒரு சாமானை எடுக்கத் தடவினால், உடனே அதன் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு அடுக்களையைப் பார்த்துக் கூப்பிடுவாள்:

"நேசம், ஒருக்கா வந்து நின்னுட்டுப் போவியா?"

மைனி கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாசலில் நிற்பாள். பிள்ளையின் அலறல் கேட்டதும் திரும்பிப் போய் அடுப்பைப் பார்ப்பாள்.