ஹெஸ்டர் துப்பக் கற்றது

மூன்று முழத் துணி திருடியதற்கு ஹெஸ்டர் டிரெவினுக்குக் கிடைத்தது ஏழு வருடத் தண்டனையும் எட்டு மாதக் கப்பல் பயணமும். இரண்டு வருடம் முன்பு அவள் வந்து இறங்கிய சிட்னிக் கரையில், 1790இல், கைதிகளுக்கு அளந்த மாவில் மாவைவிட வண்டு அதிகம். அந்த மாவையும் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். ஹெஸ்டருக்குத் தாய்ப்பால் வற்றிக்கொண்டு வந்தது. சீக்கிரம் தன் வயிற்றில் ஏதாவது விழாவிட்டால் கைக்குழந்தை பெக்கி தங்கமாட்டாள் என்பது அவளுக்குத் தெரியும்.

கூட இருந்த கைதிகள் உணவுக் கப்பலை எதிர்பார்த்துக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹெஸ்டர் கன்னாராவிடம் போய் நின்றாள். கன்னாரா அந்த மண்ணின் பூர்வகுடிப் பெண், அந்தக் கரையோரத் தண்ணீருக்குச் சொந்தக்காரி. போன வருடத்து அம்மையில் புருஷனையும் பிள்ளையையும் பறிகொடுத்தவள். இருவரும் ஒரு வருடமாகக் கரையில் அரைகுறையாகப் பேசிப் பழகியிருந்தார்கள்.

"உங்க ஆளுங்க வலைபோட்டு அள்ளிட்டுப் போறாங்க. இப்ப எங்கிட்டயே மீன் கேக்க வந்துட்டியா?" என்று கன்னாரா சீறினாள். பிறகு பெக்கியின் குச்சிக் கையைப் பார்த்தாள். "சரி, ஏறு."

மரப்பட்டைப் படகில் ஹெஸ்டரின் வாயில் சிப்பிச் சதையைத் திணித்து, மென்று தண்ணீரில் துப்பச் சொன்னாள். அந்த வாசனைக்குத்தான் மீன் கூடும். ஹெஸ்டர் மென்றாள், விழுங்கிவிட்டாள். இரண்டாவது வாயும் உள்ளேயே போனது.

"அடி தின்னிப் பொம்பளே, துப்பு!" கன்னாரா சிரித்த சிரிப்பில் படகு ஆடியது.

"பசிக்குதுடி! வாயில வந்ததத் துப்புன்னா எப்படி?"

மூன்றாவது வாயை அழுதுகொண்டே துப்பினாள். வாழ்நாளில் அவள் செய்த பெரிய வீரம் அதுதான் என்பேன். கொஞ்ச நேரத்தில் தூண்டில் கயிறு கையை அறுத்தது. இருவரும் சேர்ந்து இழுத்துப் போட்ட மீன் பெக்கியைவிடப் பெரியது.

கரையில் காட் என்ற கங்காணி காத்திருந்தான். "கைதி பிடிச்ச மீனு ராசாவோட கிடங்குக்குத்தான் போகணும். கொண்டா இங்க!"

கன்னாரா மீனை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை ஹெஸ்டரின் மடியில் போட்டாள்.

"இது எங்க தண்ணி, என் படகு, என் தூண்டிலு. உங்க ராசா வந்து துப்பினாரா?"

சுற்றி நின்ற கைதிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காட் முகம் சிவந்து, வந்த வழியே நடையைக் கட்டினான்.

மறுநாளும் ஹெஸ்டர் படகேறினாள், அதற்கு மறுநாளும். ஐந்தாம் நாள் காலையில் பெக்கி பால் குடித்துப் புரையேறி இருமினாள். ஹெஸ்டர் அவள் உச்சியைத் தட்டிக்கொண்டே, கரையெல்லாம் கேட்கும்படி கூப்பிட்டாள்: "கன்னாரா, வந்து பாருடி! இவளால குடிச்சு மாளல!"