நாங்களாக எடுத்த நான்கு நாள்

டிசம்பர் 25, 1983. காலை ஐந்து நாற்பது.

வேலூர் பஸ் ஸ்டாண்டில் போளூர் வண்டி கிளம்பியபோது ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட மிதப்பில் இருந்தேன். இருபத்திரண்டு வருஷமாக எங்களுக்கு அரையாண்டு லீவு என்றால் ஆரணிதான். அண்ணன் வீட்டுக்குப் போவோம். பத்து நாள் நான் அவர் எதிரில் உட்கார்ந்து, அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருப்பேன். என் மனைவி சரோஜா பத்துப் பதினைந்து பேருக்குச் சமைத்துக்கொண்டிருப்பாள். திரும்பி வந்த மறுநாள் பள்ளிக்கூடம் திறந்துவிடும். யாரும் எங்களைக் கட்டி இழுக்கவில்லை. போகாவிட்டால் அண்ணன் என்ன நினைப்பாரோ என்ற பயம்தான் பஸ் ஏற்றிவிடும்.

இந்த ஜூனில் எங்கள் ஒரே பெண்ணைக் கட்டிக்கொடுத்து பெங்களூருக்கு அனுப்பினோம். வீட்டில் நாங்கள் இருவர்தான். ஒரு நாள் சாப்பிடும்போது, "இந்த வருஷம் ஆரணி கிடையாது. நம்ம இஷ்டத்துக்கு ஒரு லீவு. ஜவ்வாது மலைக்குப் போறோம்" என்று அறிவித்தேன். சரோஜா ரசத்தை ஊற்றிவிட்டு, "சரிங்க" என்றாள். அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன். விடைத்தாள் திருத்தும் வேலை இருப்பதாக அண்ணனுக்கு ஒரு கார்டு போட்டேன். நாற்பத்தாறு வயதில் அண்ணனிடம் சொன்ன முதல் பொய். 

கணியம்பாடியைத் தாண்டும்போது விடிந்தது. வலது பக்கம் அமிர்திக் காட்டின் மேல் பனி படுத்துக் கிடந்தது. "அங்க பார்" என்றேன். பார்த்தாள். கண்ணமங்கலத்தில் ஒரு ஏரி. "இங்க பார்" என்றேன். அதையும் பார்த்தாள்.

காலை ஏழரை. போளூர். வேலூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். ஆளுக்கு மூன்று ரூபாய் எண்பது பைசா. இரண்டு இட்லி, ஒரு டீ சாப்பிட்டுவிட்டு மலை வண்டியைப் பிடித்தோம். ஒரு நாளைக்கு இரண்டே வண்டிதான். இதை விட்டால் மாலைவரை காத்திருக்க வேண்டும். கண்டக்டர் எங்கள் பெட்டியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா சார், லீவுக்கு மலையில கீற ஜனமெல்லாம் கீழ எறங்குது. நீங்க மேல ஏறுறீங்க? யாரு கீறாங்க அங்க?"

"யாருமில்லை. அதுக்குத்தான் போறோம்" என்றேன்.

"அப்டீன்னா இன்னாத்துக்குப் போறீங்க?" என்றார். எனக்கு விளங்காதது அவருக்கு எப்படி விளங்கும்? டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

வளைவுகளில் வண்டி திணறித் திணறி ஏறியது. கீழே போளூர் வயல்கள் சின்னச் சின்னதாகப் போயின. வழியெல்லாம் புளிய மரங்கள், அறுத்த சாமைத் தாள்கள். மேலே போகப் போகக் குளிர் காதுக்குள் நுழைந்தது. வெயில் வரும் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. நாங்கள் இருந்த நான்கு நாளும் அது ஒழுங்காக வரவே இல்லை. பதினொரு மணிக்கு ஜமுனாமரத்தூரில் இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று கிலோமீட்டர் நடந்தோம்.

நாங்கள் தங்கியது மலைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில். எங்கள் டிராயிங் மாஸ்டருக்கு அங்கே சொந்தக்காரர் ஒருவர் வாத்தியார். லீவில் அவர் அறை காலியாக இருக்கும் என்று சாவி வாங்கித் தந்திருந்தார். ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் ஒரு பெண்ணின் கதை யாருடையது என்று தெரிந்துவிடும்.

அந்தப் பெண் குப்பம்மா. பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. முப்பது வயதுக்கு மேலிருக்காது. அறுபது பிள்ளைகளுக்குப் பொங்கிப் போடுகிறவள், லீவில் அந்தப் பெரிய சமையல் கொட்டகையில் தனியாக இருந்தாள். மத்தியானம் எங்களுக்குச் சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும் போட்டாள்.

"லீவு விட்டா உனக்கும் ஜாலிதானே?" என்று கேட்டேன். வாத்தியார் புத்தி. லீவு என்றால் எல்லோருக்கும் பிடிக்கும் என்று நினைப்பு.

"எனக்கு இன்னாங்க சாரு ஜாலி? புள்ளைங்க கீறப்பதான் நல்லாகீது. லீவு வுட்டா பொழுதே போவாது."

"உன் வீட்டுக்குப் போகலாமே?"

"போலாம். போவல" என்றாள். அவ்வளவுதான்.

டிசம்பர் 26. காலை ஐந்து மணி. சூரிய உதயம் பார்க்கச் சரோஜாவை எழுப்பிப் பாறை மேட்டுக்கு அழைத்துப் போனேன். ஒன்றரை மணி நேரம் நின்றோம். பனி விலகவே இல்லை. சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. அவளுக்குப் பல் தந்தி அடித்தது. "போலாமா?" என்று அவளாக ஒரு தடவை கேட்டிருந்தால் அப்போதே திரும்பியிருப்பேன். கேட்கவில்லை. நான் வாட்சைப் பார்த்து, "சரி, இனிமே தெரியாது" என்ற பிறகுதான் நடந்தாள்.

நான் நான்கு நாளுக்கும் ஒரு அட்டவணை போட்டு வைத்திருந்தேன். உதயம், ஏரி, அருவி, தேன் எடுக்கும் பாறை. கணக்கு வாத்தியாருக்கு அட்டவணை இல்லாமல் மூச்சு விடத் தெரியாது. இஷ்டப்படி இருக்கப் போன இடத்திலும் மணி அடித்துக்கொண்டிருந்தேன்.

அன்று மத்தியானம் சாப்பிட்டு முடித்துக் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தோம். எதிர்ச் சரிவில் பத்துப் பன்னிரண்டு கூரைகள். ஒன்றிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது. குப்பம்மா சாமை புடைத்துக்கொண்டே அடிக்கடி அந்தப் பக்கம் பார்த்தாள். சரோஜாதான் கவனித்தாள்.

"அங்க யாராவது இருக்காங்களா உனக்கு?"

"எம் புள்ள கீறான்க்கா. எட்டு வயசு. அவுங்கப்பா வூட்ல."

பிறகு மெதுவாகச் சொன்னாள். மலையில் ஒரு வழக்கம். பெண்ணுக்குப் புருஷன் பிடிக்காவிட்டால் ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் முன்னால் வந்து சொல்லலாம். அவளைக் கட்டும்போது கொடுத்த பரிசத்தை அவள் வீட்டார் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். யாரும் அவளைத் தப்பாகப் பேச மாட்டார்கள். ஆனால் பிள்ளை அப்பனுடையது. பெற்றவள் கையை வீசிக்கொண்டு வர வேண்டும். ஐந்து வருஷத்துக்கு முன் குப்பம்மா அப்படித்தான் வந்தாள்.

"அடிச்சாரா?" என்றாள் சரோஜா.

"இல்லக்கா. நல்ல ஆளு. குடிக்க மாட்டாரு. ஒரு வார்த்த திட்ன ஆளில்ல."

"பின்ன?"

"புடிக்கல."

சரோஜா மேலே ஏதோ வரும் என்று காத்திருந்தாள்.  முறத்தில் சாமை மட்டும் சரசரத்துக்கொண்டிருந்தது.

"புள்ள நெனப்பு தாங்கல. போன வருசம் அவன இந்தப் பள்ளிக்கூடத்துல சேத்தாங்க. சமையலுக்கு ஆளு வோணும்னாங்க, வந்துட்டேன். மூணு வேளையும் தட்ட நீட்றான், சோறு போடறேன்."

"அம்மான்னு கூப்பிடுவானா?"

"ஆயான்னு கூப்டுவான். எல்லாப் புள்ளைங்களும் அப்டித்தான கூப்டுது." முறத்தை ஒருமுறை தட்டினாள். "அவனுக்குத் தெரியும்க்கா. தெரியாத மாரியே இருப்பான். ஒரு அகப்ப சேத்துப் போட்டா, வேணாம்னு தட்ட இழுத்துக்குவான்."

 எதையாவது சொல்ல வேண்டுமே என்று, "திரும்பப் போயிருக்கலாமே, பிள்ளைக்காக" என்றேன். குப்பம்மா என்னைப் பார்க்கவில்லை, சரோஜாவைப் பார்த்தாள். சரோஜாவும் அவளையே பார்த்தாள். இரண்டு பேரும் சேர்ந்து என்னை வெளியே நிறுத்திவிட்டது போல இருந்தது.

டிசம்பர் 27. காலை எட்டு மணி. அட்டவணைப்படி பீமன் அருவி. ஜோல்னாப் பையில் பொட்டுக்கடலை, தண்ணீர் எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, "கிளம்பு" என்றேன்.

"நான் வரலைங்க."

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. வரலை. நீங்க போய்ட்டு வாங்க."

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் ஒன்றை மறுத்தது அதுதான் முதல் தடவை. கோபம் வந்தது. 'உனக்காகத்தானே இவ்வளவு தூரம்' என்று வாய்வரை வந்ததை முழுங்கிக்கொண்டு, விருட்டென்று தனியாக நடந்தேன்.

அருவியில் தண்ணீர் நன்றாகவே விழுந்தது. உயரம், அகலம் எல்லாம் சொல்ல வேண்டியது பயணம் எழுதுகிறவன் கடமை. மன்னிக்க வேண்டும், எதையும் பார்க்கவில்லை. ஒரு கல்லில் உட்கார்ந்து பொட்டுக்கடலை முழுவதையும் தின்று தீர்த்தேன். 'நல்ல ஆளு, ஒரு வார்த்த திட்ன ஆளில்ல' என்பது காதில் விழுந்துகொண்டே இருந்தது. நானும் நல்ல ஆள்தான். குடிப்பதில்லை. திட்டியதில்லை.

பன்னிரண்டரைக்குத் திரும்பினேன். பள்ளிக்கூடத்துக்கு நூறு அடி இருக்கும்போதே சிரிப்புச் சத்தம் கேட்டது. உரலில் சரோஜாவும் குப்பம்மாவும் மாற்றி மாற்றி உலக்கை போட்டுச் சாமை குத்திக்கொண்டிருந்தார்கள். சரோஜாவுக்கு உலக்கை தப்பித் தப்பிப் போனது. ஒவ்வொரு தடவையும் சிரித்தாள். தலை முடியெல்லாம் தவிடு. அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருப்பதே எனக்குத் தெரியாது. புளிய மரத்தடியில் நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் நிற்பது? பசித்தது. போனேன். என்னைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தி, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, "சாப்பாடு போடட்டுமா?" என்றாள்.

மாலை ஆறு மணி. மேகம் பள்ளிக்கூட ஓட்டின் மேலேயே இறங்கியிருந்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு அறை வாசலில் உட்கார்ந்திருந்தோம். கேட்டேவிட்டேன்.

"உனக்கு இங்க வரணும்னு இருந்துச்சா?"

"நீங்க கூப்பிட்டீங்க, வந்தேன். ஆரணிக்குக் கூப்பிட்டிருந்தா அங்க வந்திருப்பேன்."

"ஆரணியில வேலை செஞ்சே சாகிற. இங்க..."

"அங்கயாவது என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும்" என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் வலித்தது.

"சரி, உனக்கு எங்க போகணும்? சொல்லு."

 எதிர்ச் சரிவில் கூரைகள் ஒவ்வொன்றாக மங்கிக்கொண்டிருந்தன.

"தெரியலைங்க. யாரும் கேட்டதில்ல. நானும் நினைச்சுப் பார்த்ததில்ல."

வகுப்பில் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற பையனைத்தான் நான் முதலில் எழுப்பிக் கேள்வி கேட்பேன். அவனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது என்று என் அனுபவம். வீட்டில் அந்தச் சந்தேகம் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

டிசம்பர் 28. காலை எட்டரை. குப்பம்மா பஸ் நிற்கும் இடம்வரை பெட்டியைச் சுமந்து வந்தாள். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. "இன்னும் ஆறு நாளு கீதுக்கா, புள்ளைங்க வர" என்றாள். எங்களுக்கு லீவு முடிய ஆறு நாள் என்பது துக்கம். அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். சரோஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு எப்பவாவது, செஞ்சது தப்புன்னு தோணுமா?" என்று கேட்டாள்.

"தெனம் தோணும்க்கா" என்றாள் குப்பம்மா. "ஆனா திரும்பக் கேட்டாலும் அதான் செய்வேன்."

வண்டி வந்துவிட்டது. இறக்கம் முழுவதும் சரோஜா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். நான் 'பார்' என்று எதையும் காட்டவில்லை. மலையில் பிடிக்காததைச் சொல்ல ஒரு இடம் இருக்கிறது. சொன்னால் கேட்க ஆள் இருக்கிறார். அதற்கு என்ன இழப்பு என்பதும் முன்கூட்டியே தெரிகிறது. வேலூரில் எங்கள் தெருவில் அப்படி எதுவும் இல்லை. எல்லா வீட்டிலும் 'சரிங்க' என்ற சத்தம்தான் கேட்கிறது. அதை நிம்மதி என்று சொல்லிக்கொண்டு வாழ்கிறோம்.

காலை பதினொன்றேகால். போளூர் பஸ் ஸ்டாண்ட். லீவில் இன்னும் ஐந்தாறு நாள் மிச்சம் இருந்தது. ஆரணி வண்டி ஒரு பக்கம், வேலூர் வண்டி ஒரு பக்கம், இரண்டுக்கும் நடுவில் திருவண்ணாமலை வண்டி. நான் பெட்டியைக் கீழே வைத்தேன். மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"சரோஜா, இந்தத் தடவை நீ சொல்லு. ஆரணியோ, வீடோ, வேற எங்கயோ. நீ சொல்ற வண்டியில ஏறுவோம்."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். நிஜமாகத்தான் சொல்கிறேனா என்று பார்த்தாள். பிறகு மூன்று வண்டியையும் பார்த்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே போகிற ரோட்டையும் பார்த்தாள். உதடு லேசாக அசைந்தது.

வேலூர் வண்டி டிரைவர் ஹாரனை அழுத்தினார். கண்டக்டர், "வேலூர் வேலூர், சீட்டு கீது, வா வா" என்று பக்கவாட்டில் தட்டினார். வண்டி நகர ஆரம்பித்தது. அடுத்த வண்டிக்கு முக்கால் மணி நேரம் ஆகும் என்று எங்கோ படித்த போர்டு மண்டைக்குள் ஓடியது. பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடி ஏறினேன். திரும்பிப் பார்த்தேன். பின்னாலேயே ஏறியிருந்தாள்.

"எத்தினி சார்?" என்றார் கண்டக்டர்.

"வேலூர் ரெண்டு."

ஊரைத் தாண்டி வண்டி வேகம் எடுத்தது. நான் டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அப்போதுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. அவள் பக்கம் திரும்ப முடியவில்லை. அவளாகத்தான் பேசினாள்.

"இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டிருந்தா சொல்லியிருப்பேங்க."

"எங்கே?" என்றேன். "எங்க போகணும்னு சொல்லு சரோஜா. எறங்கிடலாம்."

"இப்ப எதுக்குங்க? அதான் டிக்கெட் எடுத்தாச்சே" என்றாள்.